பால்பல் குட்டியும் பூட்டிய வீடும்: ஒரு பழைய கேள்விக்கு வந்த பதில்கள்

வீட்டுக்கு வந்து பத்து நாள்கூட ஆகாத நாய்க்குட்டி செருப்பு வாரைக் கடித்துத் துண்டாக்குகிறது. சார்ஜர் வயரை மெல்லுகிறது, தலையணையைப் பிய்த்துப் பஞ்சை வீடெங்கும் இறைக்கிறது, துளசித் தொட்டியைத் தோண்டி மண்ணைக் கூடம்வரை இழுத்து வருகிறது. இதை எப்படி நிறுத்துவது என்ற கேள்விக்கு மும்பையில் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். ரெண்டு அடி போடு என்பார் பக்கத்து வீட்டுக்காரர். கூண்டு வாங்கு என்பார் கடைக்காரர். சுண்ணாம்புச் சத்து குறைவு, எலும்பு கொடு என்பார் ஊரிலிருந்து வந்த பெரியம்மா. வளர்ந்தால் தானாகச் சரியாகும் என்பார் இன்னொருவர். எங்காவது கொண்டுபோய் விட்டுவிடு என்பதும் ஒரு பதிலாகப் புழங்குகிறது.

இவற்றில் எதுவும் நேற்று முளைத்ததல்ல. ஒவ்வொன்றுக்கும் பிறந்த இடமும் காலமும் உண்டு. பெரும்பாலானவை வேறு நாட்டில், வேறுவகை வீட்டில், வேறுவகை நாய்க்காக உருவானவை. அவற்றை வரிசையாக எடுத்துப் பார்த்தால் ஒரு பொதுக் குறை தென்படுகிறது. கடித்துக் குதறுவதற்குக் காரணங்கள் பல இருக்க, ஒவ்வொரு கட்சியும் தான் கண்ட ஒரு காரணத்தையே முழுக் காரணமாக எடுத்துக்கொண்டது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று தமிழ்ப் பேட்டைகளின் வீட்டமைப்போடு பொருத்திப் பார்க்கும்போது இந்தக் குறை இன்னும் துலக்கமாகிறது.

பல் முளைக்கும் காலம்

நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. மூன்றாம் வாரத்தில் முளைக்கத் தொடங்கி ஆறாம் வாரத்தை ஒட்டி ஏறக்குறைய எல்லாம் வந்துவிடும். நான்காம் மாதத்திலிருந்து அவை விழ ஆரம்பித்து, ஏழாம் மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வாயை நிறைக்கும். இந்த மூன்று மாத காலத்தில் ஈறு வீங்கித் தினவெடுக்கிறது. குட்டி கடித்துப் போட்ட செருப்பைப் பிரித்துப் பார்த்தால் வாரின் மடிப்பில் இளஞ்சிவப்புக் கறையும், சில சமயம் அரிசிமணி அளவில் ஒரு வெள்ளைப் பல்லும் இருக்கும். பெரும்பாலான பால்பற்களைக் குட்டி விழுங்கிவிடுவதால் பல் விழுவதே பல வீடுகளில் தெரியாமல் போகிறது. தெரிவதெல்லாம் போன செருப்பு மட்டும்தான்.

‘வளர்ந்தால் சரியாகும்’ என்ற கருத்து இந்த உண்மையிலிருந்து பிறந்தது. அதில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதியில்தான் சிக்கல். நாய்க்கு வாய்தான் கை. ஒரு பொருள் என்னவென்று அறியவும், பொழுது போக்கவும், பதற்றம் தணியவும் அது வாயையே பயன்படுத்துகிறது. ஆகவே பல் முளைத்து முடிந்த பிறகும் ஒன்றரை வயதுவரை கடிக்கும் வேகம் பல நாய்களிடம் நீடிக்கிறது. அதற்குள் சோஃபாவின் மூலை ஒரு பழக்கமாகிவிட்டால், பல்லின் காரணம் மறைந்த பிறகும் பழக்கம் நிற்கிறது.

பிறந்த வீட்டை விட்டு எப்போது பிரிந்தது என்பதும் ஒரு காரணமாகப் பேசப்படுகிறது. இத்தாலிய ஆய்வாளர்கள் 2011இல் 140 நாய்களை ஒப்பிட்டார்கள். பாதி நாய்கள் 30 முதல் 40 நாள் வயதில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவை. மீதி இரண்டு மாதம் நிறைந்தபின் பிரிந்தவை. முன்னதாகப் பிரிந்தவற்றிடம் பொருள்களை நாசமாக்குவது, ஓயாது குரைப்பது, சத்தத்துக்கு மிரள்வது ஆகியவை கூடுதலாக இருந்தன. இது உரிமையாளர்கள் சொன்னதை நம்பிச் செய்த கணக்கு என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் அதன் திசை தெளிவாகவே இருக்கிறது. இந்தியாவில் 2017இல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. சின்னதாக இருந்தால்தான் நன்றாக ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்து ஐந்தாவது வாரத்திலேயே குட்டி கேட்பவர்கள், பிறகு படப்போகும் தொல்லையையும் சேர்த்தே கேட்கிறார்கள்.

சுண்ணாம்புச் சத்துக் கருத்தை நீண்டு பேச வேண்டியதில்லை. செருப்பைக் கடிப்பதற்கும் கால்சியக் குறைவுக்கும் தொடர்பு இருப்பதாக நம்பத்தகுந்த சான்று இல்லை. மருத்துவரைக் கேட்காமல் கால்சியம் கொடுப்பது பெரிய சாதிக் குட்டிகளின் எலும்பைக் கெடுக்கும். மண்ணையும் சுவர்ச் சுண்ணாம்பையும் விழுங்குவது வேறு விஷயம். அங்கே குடற்புழுவும் ரத்தசோகையும் பரிசோதிக்கப்பட வேண்டியவை.

அடியாத மாடு

‘அடியாத மாடு படியாது’ என்பது நம் பழமொழி. இதே நம்பிக்கை ஐரோப்பாவில் ஒரு பயிற்சிமுறையாகவே வளர்ந்தது. ஜெர்மனியில் காவல் நாய்களைப் பழக்கிய கான்ராட் மோஸ்ட் 1910இல் எழுதிய கையேடு அதன் அடித்தளம். முதல் உலகப்போரில் நாய்களைப் பழக்கியவர்கள் இந்த வழியில் போனார்கள். அமெரிக்காவில் ராணுவத்துக்கும் பின்னர் டிஸ்னி படங்களுக்கும் நாய்களைப் பழக்கிய வில்லியம் கோலர் 1962இல் வெளியிட்ட புத்தகம் இதை வீட்டுக்குள் கொண்டுவந்தது. மண்ணைத் தோண்டும் நாய்க்கு அவர் சொன்ன வைத்தியம், அது தோண்டிய குழியிலேயே தண்ணீரை நிரப்பி அதன் தலையை அதற்குள் அமுக்குவது. இன்று படிக்கும்போது நெஞ்சு பதறுகிறது. அன்று லட்சக்கணக்கானோர் வாங்கிப் படித்த நூல் அது.

இந்த முறைக்கு எதிரான முதல் வாதம் கருணையின் வாதம். அதுவே போதுமானது என்பது இந்தக் கட்டுரையின் நிலை. ஆனால் அடிப்பதை நியாயப்படுத்துபவர்கள் கருணையை அல்ல, பலனையே அளவுகோலாக வைப்பதால் பலனையும் பார்க்க வேண்டியிருக்கிறது. மாலையில் வீடு திரும்புபவர் கிழிந்த மெத்தையைப் பார்த்துக் குட்டியை அடிக்கிறார். மெத்தை கிழிந்தது காலை பத்து மணிக்கு. ஒரு செயலையும் அதன் விளைவையும் நாய் இணைத்துக்கொள்ள இரண்டுக்கும் இடையே சில விநாடிகளே இருக்கலாம் என்பது விலங்கு உளவியலில் நீண்ட காலமாக நிலைபெற்ற முடிவு. எட்டு மணி நேரம் கழித்து விழும் அடியில் குட்டி கற்றுக்கொள்வது, கதவு திறந்து ஆள் வந்தால் அடி விழும் என்பதை மட்டுமே.

‘அதுக்குத் தெரியுது, தப்பு பண்ணிட்டோம்னு முகத்தைப் பாருங்க’ என்ற பதில் உடனே வரும். காதை மடக்கி, கண்ணைத் தாழ்த்தி, வாலை இடுக்கிக்கொண்டு ஒதுங்கும் குட்டியின் முகம் குற்றவாளி முகமாகத்தான் நமக்குத் தெரிகிறது. அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்தார். தின்னக் கூடாது என்று சொன்ன பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதை உரிமையாளருக்கு மாற்றிச் சொல்லிப் பார்த்ததில், அந்த ‘குற்ற முகம்’ நாய் செய்த தவறைப் பொறுத்து வரவில்லை. உரிமையாளர் திட்டினாரா என்பதைப் பொறுத்தே வந்தது. தவறே செய்யாத நாய்கள் திட்டு வாங்கியபோது அந்த முகம் இன்னும் அதிகமாகவே தெரிந்தது. நாம் பார்ப்பது குற்ற உணர்வு என்பதைவிட, கோபக்காரரைச் சாந்தப்படுத்தும் முயற்சி என்று கொள்வதே பொருந்தும்.

தன்மேல் எறிந்த வேல் உடலில் நிற்கும்போதும் வாலாட்டும் பிராணி என்று நாயைச் சொல்கிறது நாலடியார். நட்பின் பெருமைக்காகச் சொன்ன அந்தக் குணம்தான் அடிக்கும் முறையின் தோல்வியை இத்தனை காலம் மறைத்து வைத்திருக்கிறது என்று தோன்றுகிறது. அடித்த பிறகும் குட்டி காலைச் சுற்றி வருவதால், அடி பலித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

2004இல் பிரிட்டனில் 364 உரிமையாளர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், தண்டனையை அதிகம் பயன்படுத்தியவர்களின் நாய்களிடம் பிரச்சினை நடத்தைகளும் அதிகம் பதிவாயின. 2020இல் போர்ச்சுகலில் பயிற்சிப் பள்ளிகளில் 92 நாய்களை வைத்துச் செய்த ஆய்வில், தண்டிக்கும் பள்ளிகளின் நாய்களுக்கு உமிழ்நீரில் கார்டிசால் கூடியிருந்தது. உடல்மொழியிலும் பதற்றம் தெரிந்தது. எதிர்வாதம் இல்லாமலில்லை. முரட்டு நாய் வைத்திருப்பவரே அதிகம் அடிக்கிறார் என்றும் அந்தக் கணக்கெடுப்பைப் படிக்கலாம். எது காரணம், எது விளைவு என்பதை அது தீர்க்கவில்லை. ஆனால் அடி கூடுதலாகப் பலன் தருகிறது என்று காட்டும் உறுதியான சான்றையும் எதிர்த்தரப்பு வைக்கவில்லை.

ஓநாயின் பெயரால்

தண்டனைக் கட்சிக்கு அறிவியல் சாயம் பூசியது ஓநாய்க் கதை. 1947இல் ருடால்ஃப் ஷெங்கல், பாசெல் விலங்குக்காட்சிச் சாலையில் அடைபட்ட ஓநாய்கள் தலைமைக்காகச் சண்டையிடுவதை விவரித்தார். 1970இல் டேவிட் மெக் எழுதிய புகழ்பெற்ற நூல் அதைப் பரப்பியது. நியூயார்க் மாநிலத்தின் நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் 1978இல் எழுதிய வளர்ப்பு நூல், குட்டியை மல்லாத்தி அழுத்திப் பிடித்துத் ‘தலைவன் யார்’ என்று காட்டச் சொன்னது. சோஃபாவைக் கிழிக்கும் குட்டி பதவிப் போட்டி நடத்துகிறது என்ற எண்ணம் இப்படித்தான் உலகமெங்கும் போனது. தொலைக்காட்சி வழியாக 2004க்குப் பின் நம் வீடுகளுக்கும் வந்தது.

இதைச் சொன்னவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள் என்பது அவ்வளவாகப் பரவவில்லை. கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் பார்த்த மெக், ஓநாய்க் கூட்டம் என்பது தாய் தந்தையும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பம்தான், தலைமைப் போட்டி அதன் இயல்பு அல்ல என்று 1999இல் எழுதினார். தன் பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பகத்தைக் கேட்டுக்கொண்டார். துறவிகளும் 2002இல் வந்த திருத்திய பதிப்பில் மல்லாத்தும் முறையைக் கைவிட்டார்கள். நாய்களிடையே மேல்கீழ் உறவே இல்லை என்று இதற்குப் பொருளல்ல; நான்கு மாதக் குட்டி செருப்பைக் கடிப்பதற்கு அதில் விளக்கம் இல்லை, அவ்வளவுதான்.

இனத்தைக் காரணம் காட்டும் வாதமும் இதன் தம்பி. பீகிள் என்றால் கடிக்கும், லாப்ரடார் என்றால் தின்னும், ராஜபாளையம் அடங்காது என்பார்கள். 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த மரபணு ஆய்வு, 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தை விவரங்களைத் திரட்டி, தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் இனத்தால் விளக்கக்கூடியது ஒன்பது சதவீதம் அளவே என்றது. வேட்டைக்கும் காவலுக்கும் வந்த நாய்க்கு ஓட இடம் வேண்டும் என்பது வேறு. அதை யாரும் மறுக்கவில்லை.

மாற்றுப் பொருளும் பரிசும்

1970களில் அமெரிக்காவில் ஜோ மார்க்கம் என்பவரின் காவல்துறை ஷெப்பர்ட் நாய் ஃப்ரிட்ஸ் கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பழுது பார்த்துக்கொண்டிருந்த வேனிலிருந்து கழற்றிப் போட்ட ரப்பர்த் துண்டு ஒன்றை அது பிடித்துக்கொண்டு கல்லை விட்டது. அந்தத் துண்டின் வடிவம்தான் இன்று மும்பைக் கடைகளிலும் கிடைக்கும் காங் பொம்மை. கடிப்பதை நிறுத்தப் பார்ப்பதை விட்டு, கடிக்க எதைத் தருவது என்று கேட்கும் கட்சிக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடையாது.

இதன் கோட்பாடு உளவியலாளர் ஸ்கின்னரிடமிருந்து வந்தது. கேரன் பிரையர் 1984இல் எழுதிய நூல் அதைப் பொதுமக்களிடம் கொண்டுபோனது. ஆங்கிலேய மருத்துவர் இயன் டன்பார் 1980களில் கலிஃபோர்னியாவில் தொடங்கிய குட்டி வகுப்புகள் அதை வீட்டுமுறையாக்கின. அமெரிக்க விலங்கு நடத்தை மருத்துவர்களின் சங்கம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, எல்லா நாய்ப் பயிற்சிக்கும் பரிசுமுறையையே பரிந்துரைத்தது. நடைமுறையில் செய்ய வேண்டியது எளிது: செருப்பைக் கைக்கெட்டாத இடத்தில் வைப்பது, கடிக்கத் தகுந்த பொருளைக் குட்டியிடம் கொடுத்து, அதைக் கடிக்கும்போது பாராட்டுவது, செருப்பு வாயில் இருந்தால் துரத்தாமல் ஒரு பண்டத்தைக் காட்டி மாற்றி வாங்கிக்கொள்வது. துரத்தினால் அது விளையாட்டாகிவிடும். ஈறு தினவுக்கு, நனைத்து முறுக்கிக் குளிர்பெட்டியில் வைத்த பழைய துணியும் குளிர்ந்த காரட்டும் போதும்.

கசப்புப் பூச்சு இந்தக் கட்சியின் உள்ளூர்க் கிளை. பால் மறக்கடிக்கத் தாய்மார் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டதுபோல மேசைக் காலில் வேப்பெண்ணெய் தடவுகிறார்கள். சில குட்டிகள் விலகுகின்றன. சில நக்கித் தீர்த்துவிடுகின்றன. மிளகாய்த்தூள் தூவுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. கண்ணிலும் மூக்கிலும் ஏறி எரியும்.

பரிசுமுறையின் பலவீனம் அதன் நல்லெண்ணத்தில் இல்லை, அது கேட்கும் நேரத்தில் இருக்கிறது. மெல்லுவதே குட்டிக்கு இன்பம் என்பதால் வெளியிலிருந்து வரும் பரிசு அந்த இன்பத்தோடு போட்டியிட வேண்டும். பரிசளிக்க ஓர் ஆள் வீட்டில் இருக்கவும் வேண்டும். ஆள் இல்லாத வீட்டுக்கு இந்த முறையிடம் உள்ள பதில் தடுப்பதுதான்: தடுப்பு வேலி, மூடிய அறை, கூண்டு. கூண்டுப் பழக்கம் அமெரிக்காவில் சாதாரணம். ஸ்வீடனில் நாயை வீட்டில் கூண்டிலடைத்து வைப்பதைச் சட்டமே அனுமதிப்பதில்லை. இரண்டு நாடுகளும் நாயை நேசிப்பவைதாம். மே மாத மும்பையில் மின்விசிறி எட்டாத மூலையில் இரும்புக் கூண்டு எவ்வளவு சூடாகும் என்பது இரண்டு நாட்டு நூல்களிலும் இல்லை.

தனிமை ஒரு காரணம்

கடந்த முப்பது ஆண்டுகளில் இந்தத் துறையில் நடந்த பெரிய மாற்றம், ஒரு பகுதிச் சேதத்தைக் குறும்பு என்ற பட்டியலிலிருந்து எடுத்து நோய் என்ற பட்டியலில் வைத்ததுதான். ஆள் விலகியதும் பீதியடையும் நாய்கள் உண்டு. அவற்றுக்கான மருந்தாக க்ளோமிப்ரமினை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1990களின் இறுதியிலும் ஃப்ளுவாக்ஸெட்டினை 2007இலும் ஏற்றது. இரண்டும் நடத்தைப் பயிற்சியோடு சேர்த்து, மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே.

சேதத்தைப் பார்த்தே ஓரளவு இனம்காணலாம். விளையாட்டாகக் கடித்த வீட்டில் சேதம் சிதறிக் கிடக்கும்: கூடத்தின் நடுவில் பஞ்சு, கட்டிலடியில் ஒற்றைச் செருப்பு, நடுவே நன்றாகத் தூங்கி எழுந்த குட்டி. பீதியில் கடித்த வீட்டில் சேதம் ஒரே இடத்தில் குவியும். வாசல் கதவின் கீழ்ப்பகுதியில் முழ உயரத்துக்கு நகக் கீறல்கள், சட்டத்தின் ஓரத்தில் பிளந்த மரச் சிம்புகள், தரையில் எச்சில் ஈரம், சில சமயம் உடைந்த நகத்தின் ரத்தம். ஆள் போன அரைமணிக்குள் இது நடந்து முடிந்திருக்கும். பழைய கைப்பேசி ஒன்றைக் கேமராவாக வைத்துவிட்டுப் போனால் எது என்பது தெரிந்துவிடும்.

இங்கும் ஒரு காரணத்தை முழுக் காரணமாக்கும் ஆபத்து வந்தது. எல்லாச் சேதத்துக்கும் ‘பிரிவுப் பதற்றம்’ என்று பெயர் சூட்டும் போக்கு பரவியது. பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் 2020இல் 2,700க்கும் மேற்பட்ட நாய்களின் விவரங்களை ஆராய்ந்து, வெளியேற முடியாத எரிச்சல், வெளிச்சத்தத்தால் தூண்டப்படுவது, சலிப்பு என்று பலவகை நிலைகள் அந்த ஒற்றைப் பெயருக்குள் அடைந்து கிடப்பதைக் காட்டினார்கள். சலித்துப்போன குட்டிக்கு மருந்து வேண்டாம், வேலை வேண்டும். பயந்த குட்டிக்குப் பொம்மை வாங்கிப் போடுவதால் பயன் அதிகமில்லை. பீதியில் இருக்கும் நாய் தின்பதுகூட இல்லை.

தொட்டியும் தோட்டமும்

தோண்டுவதற்குக் காரணங்கள் வேறு. வெயிலில் வயிற்றைக் குளிர்விக்க, பெருச்சாளி வாடையைத் தொடர, மிச்ச எலும்பைப் புதைக்க, வேலிக்கு அடியில் தப்பிக்க. மேற்கு வங்கத்தின் தெருநாய்களை ஆராய்ந்து வரும் ஐஐஎஸ்இஆர் கொல்கத்தா ஆய்வு நிறுவனத்தின் அனிந்திதா பத்ரா குழு, தாய் நாய்கள் குட்டி போடும் இடத்தைப் பெரும்பாலும் மனிதர்களுக்கு அருகிலேயே தேர்ந்தெடுப்பதைப் பதிவு செய்திருக்கிறது. மண்ணைப் பறித்து ஒண்ட இடம் செய்வது நாய்க்கு நம் வீட்டில் வந்து படிந்த கெட்ட பழக்கமல்ல. டன்பார் முதலியோர் சொல்வது, ஒரு மூலையில் மணல்குழி ஒதுக்கி அதில் மட்டும் பண்டம் புதைத்து வைப்பது. இடமிருந்தால் நல்ல யோசனை.

பால்கனித் தொட்டிகளில் சேதத்தைவிட ஆபத்து பெரிது. செடிக்குப் போடும் எலும்புத்தூளும் கடலைப் பிண்ணாக்கும் குட்டியை இழுக்கும். அதோடு ஆமணக்குப் பிண்ணாக்கு கலந்திருந்தால் அதிலுள்ள ரிசின் உயிரைப் பறிக்கும். பூஜைக்கு வளர்க்கும் அரளியும், சொசைட்டிப் புல்வெளிகளில் அழகுக்கு வைக்கும் சைகஸும் கொடிய நஞ்சு. சமையலறையில் வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவற்றின் தீமை பலர் அறிந்தது. திராட்சையின் நச்சுக்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021இல் அமெரிக்க நஞ்சியல் மருத்துவர்கள் எழுதினார்கள். அதே அமிலம் புளியிலும் நிறைய இருப்பதால் கரைத்த புளிச் சக்கையையும் குட்டிக்கு எட்டாமல் வைப்பது நல்லது. மாங்கொட்டையும், மழைக்கால மும்பையின் தெருவோரம் கிடக்கும் மக்காச்சோளத் தண்டும் குடலை அடைத்து அறுவை சிகிச்சைவரை கொண்டுபோகும். மழைநீரில் எலி மூத்திரம் கலந்த மண்ணைத் தோண்டும் குட்டிக்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம் என்றே சொல்ல வேண்டும்; 2005 ஜூலை வெள்ளத்துக்குப் பின் அந்த நோயை மும்பை மறந்திருக்க முடியாது.

மூன்று பேட்டைகள்

மேலே கண்ட எல்லாக் கட்சிகளும் தாங்களாகவே ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொண்டிருக்கின்றன: சுற்றிலும் புல்வெளி, உள்ளே பல அறைகள், பகலில் ஆளில்லை. தாராவியின் வீடு இதற்கு நேர்மாறு. நூறு, இருநூறு சதுர அடியில் ஒரு குடும்பம். கதவு பகலெல்லாம் திறந்தே இருக்கும். சந்தில் எப்போதும் குழந்தைகள். அங்கே வளரும் குட்டி தனிமையை அறிவதில்லை. பிரிவுப் பீதிக்கு அங்கே இடம் குறைவு என்று ஊகிக்கலாம். ஆனால் அது கடிப்பது பெரும்பாலும் அடுத்தவர் பிழைப்பை. தோல் பட்டறையின் வார்த்துண்டு, கவிழ்த்த கூடைமேல் காயும் அப்பளம், பதின்மூன்றாம் காம்பவுண்டில் தரம் பிரித்துக் கட்டிய பிளாஸ்டிக் மூட்டை. குரோமியத்தில் பதனிட்ட தோலும் பிளாஸ்டிக்கும் குட்டியின் வயிற்றுக்கும் கேடு. ஒரு நாள் கூலி போன கோபத்தில் வரும் சண்டை, குட்டியைத் தண்ணீர் டிரம்மோடு கட்டிப்போடுவதிலோ வேறு சந்தில் விட்டுவிடுவதிலோ முடிகிறது. தெருவில் விடப்படுவதன் பொருள் என்ன என்பதற்கு பத்ரா குழுவின் 2016 ஆய்வு ஓர் எண் தருகிறது: அவர்கள் பின்தொடர்ந்த 364 தெருக்குட்டிகளில் ஏழு மாதம்வரை பிழைத்தவை 19 சதவீதம்; இறப்புகளில் பெரும்பங்கு மனிதரால் நேர்ந்தது. மும்பையின் எண் வேறாக இருக்கலாம். திசை வேறாக இருக்க வாய்ப்பு குறைவு.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நிலைமை வேறு. மாட்டுங்காவின் பழைய மூன்று மாடிக் கட்டடங்களில் தாத்தா பாட்டி வீட்டிலிருந்த காலத்தில் குட்டிக்கும் பகலில் துணை இருந்தது. செம்பூரின் தோட்ட வீடுகள் பல இன்று இடிக்கப்பட்டு உயர்மாடிகளாகிவிட்டன. முற்றம் போய் வாகன நிறுத்தம் வந்தது. காலை எட்டு மணிக்குப் பூட்டிய கதவு இரவு எட்டுக்குத் திறப்பது இங்கே சாதாரணம். காசு கொடுத்து ஆள் வைத்து ஃபைவ் கார்டன்ஸ் பூங்காப் பக்கம் இரண்டு வேளை நடத்திவிட்டு வருவதோடு நாயின் தேவை தீர்ந்ததாகப் பல குடும்பங்கள் நினைக்கின்றன. நடை நல்லதுதான். அது நாளில் ஒரு மணி நேரம். மீதி நேரத்துக்குப் பதிலில்லை.

குட்டி பழக வேண்டிய வயதும் இங்கே சிக்கலாகிறது. அமெரிக்காவின் ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965இல் வெளியிட்ட நீண்ட ஆய்வு, மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம்வரை குட்டி உலகத்தோடு பழகும் முக்கியக் காலம் என்று நிறுவியது. 1978இல் உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸ், அந்தக் காலத்தில் குட்டியை வெளியே விடாதே என்ற அறிவுரையைக் கொண்டுவந்தது. நடத்தை மருத்துவர்கள் 2008இல் இதற்கு ஓர் இடைவழி சொன்னார்கள்: முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் கழித்து, சுத்தமான இடத்தில், தடுப்பூசி போட்ட நாய்களோடு பழகவிடலாம். தெருவெங்கும் பார்வோ உலவும் நகரத்தில் அந்தச் சுத்தமான இடம் எது என்பதை அந்தந்த மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய முடியும். கையில் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டையும் ரயில் சத்தத்தையும் காட்டி வருவதற்குத் தடையில்லை.

சொசைட்டிகளைப் பொறுத்தவரை சட்டம் தெளிவு. நாய் வளர்க்கத் தடை விதிக்கவோ லிஃப்டை மறுக்கவோ குடியிருப்போர் சங்கத்துக்கு அதிகாரமில்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் சொன்னது. 2021இல் கேரள உயர் நீதிமன்றமும் அப்படிப்பட்ட தடை விதிகள் செல்லாது என்றது. வளர்ப்பவரின் உரிமையைச் சொல்லும் இந்த இரண்டும் நம் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. வளர்ப்பவரின் கடமையைச் சொல்லும் 1960 விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவை யாரும் எடுத்துக்காட்டுவதில்லை. வழக்கமாகக் கட்டிப்போட்டோ அடைத்தோ வைக்கும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி தராத உரிமையாளர் குற்றவாளி என்கிறது அது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்.

தீராமல் நிற்பவை

சில விஷயங்களில் வாதம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. நேரம் கழித்து அடிப்பது பயனற்றது. ஓநாய்க் கதை செல்லாது. கடிக்கத் தகுந்த பொருளும் எட்டாத செருப்பு அலமாரியும் பல் முளைக்கும் மாதங்களைக் கடக்க உதவுகின்றன. பிடித்த கையோடு கண்டிப்பது, அதாவது உரத்த குரலில் ‘வேண்டாம்’ என்று சொல்வது, எவ்வளவு தூரம் தீங்கற்றது என்பதில் இன்னும் ஒருமனப்பாடு இல்லை. கூண்டைப் பற்றியும் அப்படித்தான். அதன் நல்லதும் கெட்டதும் அடைக்கும் மணிக்கணக்கைப் பொறுத்தது என்று மட்டும் சொல்லலாம்.

பெரிய கேள்வி வேறு. மேலே சுட்டிய ஆய்வுகளில் வீட்டு நாய்களைப் பற்றியவை எல்லாம் மேலை நாடுகளில் நடந்தவை. ஒற்றை அறை வீட்டில், திறந்த வாசலில், ஊரே வளர்க்கும் குட்டிக்கு அவை எவ்வளவு பொருந்தும்? பரேலில் 1886லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கும் நகரம் இது. 1880களிலிருந்து விலங்கு மருத்துவமனை இயங்கும் நகரமும்கூட. தாராவியின் குட்டியையும் செம்பூரின் குட்டியையும் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தகுந்த ஊர் இந்தியாவில் இல்லை. காலமும் அதிகமில்லை. மறுசீரமைப்புத் திட்டம் நிறைவேறினால் தகுதி பெற்ற தாராவிக் குடும்பங்கள் 350 சதுர அடி அடுக்குமாடி வீடுகளுக்குப் போகும். குழாய் ஒழுகாத, வெளிச்சம் வரும் வீடு மனிதருக்கு வேண்டியதுதான். யாரும் அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் திறந்த கதவோடு வளர்ந்த குட்டிகளின் அடுத்த தலைமுறை, மூடிய கதவுக்குப் பின்னால் வளரும். அவற்றின் நகக் கீறல் எங்கே விழும் என்பதை இப்போதே யோசிப்பது நல்லது.

அதுவரை, குட்டி வாங்க நினைக்கும் குடும்பத்திடம் கேட்டுக்கொள்ளக் கூடியது ஒன்று உண்டு. இனத்தையும் விலையையும் விசாரிப்பதற்கு முன்னால், ஒரு வாரம் உங்கள் வீட்டுக் கதவு எத்தனை மணி நேரம் பூட்டியிருக்கிறது என்று எழுதி வையுங்கள். நாளுக்கு ஆறு மணியைத் தாண்டினால், பகலில் யார் வந்து குட்டியோடு இருப்பார்கள் என்பதை அக்கம்பக்கத்தில் பேசி முடித்துவிட்டுப் பிறகு கொண்டுவாருங்கள். பேசி முடிக்க ஆளில்லையென்றால் இந்த ஆண்டு வேண்டாம்.